சொந்தக் கொல்லையில் ஒரு வீடு

அரியலூர் மாவட்டம் ஆண்டிமடத்தைச் சுற்றி விளந்தை, சிலம்பூர், குவாகம் என்று எந்தப் பக்கம் போனாலும் முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கட்டடங்களைப் பார்க்கலாம். கேட்டால் மோட்டார் கொட்டகை என்பார்கள். உள்ளே சுவரில் அடுப்புக் கரி படிந்திருக்கும். வெளியே கொடியில் பள்ளிச் சீருடை காயும். குடும்பமே அங்கேதான் இருக்கிறது, ஆனால் அதை வீடு என்று வாய்விட்டுச் சொல்லத் தயக்கம். புஞ்சை என்று பதிவான நிலத்தில் முறையாக அனுமதி வாங்கி வீடு கட்டுவது அவர்களால் ஆகிற காரியமாக இல்லை. தன் நிலத்தில் தானே பாடுபட்டுப் பிழைக்கிற சிறு விவசாயி, அதே நிலத்தில் தான் குடியிருக்க அளவான ஒரு வீடு கட்டிக்கொள்வதை அரசு உரிமையாக ஏற்க வேண்டும். அதற்கான அனுமதி அவருடைய ஊரிலேயே, அவருக்குப் புரிகிற நிபந்தனைகளோடு கிடைக்க வேண்டும்.

இன்றைய கெடுபிடி விவசாயியை மனத்தில் வைத்து வந்ததல்ல. விளைநிலங்களைக் கூறுபோட்டு, கல் நட்டு, சாலையும் வடிகாலும் இல்லாமல் மனைகளாக விற்றுத்தள்ளிய வியாபாரத்தைக் கட்டுப்படுத்தவே அது வந்தது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. அதையடுத்து 2017-ல் அரசு இரண்டு வகை விதிகளைக் கொண்டுவந்தது. ஒன்று, ஏற்கெனவே விற்றுப்போன அங்கீகாரமற்ற மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்துவது. மற்றொன்று, முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளில் விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்றும் முறையை வகுப்பது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவுப்படி உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். அது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இசைவைப் பெற வேண்டும். வேளாண் துறையும் வருவாய்த் துறையும் கருத்துச் சொல்ல வேண்டும். ஐம்பது ஏக்கரை மனைபோடுகிறவருக்கும், இரண்டு ஏக்கரில் ஒரு மூலையில் வீடு கட்டுகிறவருக்கும் ஏறத்தாழ இதே வாசல்தான். நடந்துபோன மனை வியாபாரத்துக்கு வரன்முறை என்று ஒரு வழி கிடைத்தது. மனை போடாத விவசாயிக்கு அப்படித் தனி வழி எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு இதில் நியாயமே தெரியவில்லை.

விண்ணப்பம் வரை போவதே பெரும்பாடு என்பதையும் சொல்ல வேண்டும். பட்டா பெரும்பாலும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், அல்லது அண்ணன் தம்பிகள் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். ஒருவர் திருப்பூரில், ஒருவர் சிங்கப்பூரில். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், உட்பிரிவுக்கு மனு, சர்வேயர் வந்து அளந்து முந்திரி மரத்தடியில் கல் ஊன்றும் நாளுக்குக் காத்திருப்பு, புலப்பட நகல், சிட்டா, வில்லங்கச் சான்று. பிறகு என்ஜினியர் வரைபடம், இணையத்தில் பதிவேற்றம். இத்தனையும் முடிந்து வந்தால் அணுகுசாலை எங்கே என்ற கேள்வி நிற்கும். கொல்லைக்குப் போகிற வண்டிப்பாதை மூன்று தலைமுறையாகப் புழக்கத்தில் இருந்தாலும் வரைபடத்தில் இருக்காது. ஒவ்வொரு தடவை தாலுக்கா ஆபீசுக்கும், உடையார்பாளையம் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும், அரியலூருக்கும் போவது ஒரு நாள் வேலையை விடுவது. மனைபோடுகிறவருக்கு இதற்கென்றே ஆள் உண்டு. சிறு விவசாயிக்கு அவரேதான் ஆள்.

அரசு இந்த விஷயத்தில் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2024 ஜூலை 22-ல் தொடங்கிய சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் அது மனைக்கானது. புஞ்சை என்ற பதிவை அது மாற்றித் தராது. கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் எட்டு லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்குவதாகச் சொல்கிறது. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி. அதற்கும் முதல் கேள்வி, வீடு கட்ட இடம் எங்கே என்பதுதான். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அரசே போதும் என்று வகுத்திருக்கிற வீடு ஒரு சென்ட்டைக்கூட நிரப்பாது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு விவசாயக் கைப்பற்றின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது சுமார் 185 சென்ட். மாட்டுக் கொட்டகை, களம், முற்றம் எல்லாம் சேர்த்து ஐந்து சென்ட் ஒதுக்கினாலும் நிலத்தில் நூற்றுக்கு மூன்று பங்குகூட ஆகாது.

இதற்கு முதல் மறுப்பு, விளைநிலம் குறைந்துகொண்டே போகும்போது இப்படி வழிவிடலாமா என்பது. கவலை நியாயமானது, அது எனக்கும் உண்டு. ஆனால் விளைநிலம் எங்கே போனது என்று இந்த மாவட்டத்தில் பார்த்தாலே விடை தெரியும். சிமென்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் எவ்வளவு நிலத்தை விழுங்கின என்பது அரியலூர்க்காரர்களுக்குத் தெரியும். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்கென்று 1990-களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கையகப்படுத்தப்பட்டு, திட்டம் வராமலே கால் நூற்றாண்டு கடந்தது. இவற்றோடு பார்த்தால் விவசாயியின் ஐந்து சென்ட் ஒரு பொருட்டே அல்ல. நெல்வயலைக் காக்க நாட்டிலேயே கடுமையான சட்டங்களில் ஒன்றை 2008-ல் கொண்டுவந்த கேரளம்கூட, வேறு இடம் இல்லாத நில உரிமையாளர் தன் குடியிருப்புக்காக ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் வரை வயலை நிரப்பிக்கொள்ள அந்தச் சட்டத்திலேயே இடம் வைத்தது. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகளின் பிரதிநிதிகள் கொண்ட உள்ளூர்க் குழு அதைப் பார்த்துப் பரிந்துரைக்கிறது. நஞ்சையிலேயே அவர்களால் அளவு வகுக்க முடிந்திருக்கிறது. இங்கே நாம் கேட்பது புஞ்சைக்கு.

இரண்டாவது மறுப்புதான் கனமானது. விவசாயி பெயரைச் சொல்லி ரியல் எஸ்டேட்காரர் உள்ளே புகுந்துவிடுவார். பண்ணை வீடு என்ற பெயரில் வசதி படைத்தவர்கள் வார விடுமுறைக்கு மாளிகை கட்டுவார்கள். இது நடக்காது என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் உரிமையை நிலத்தோடு கட்டிப்போட வேண்டும் என்கிறேன். வீட்டையும் நிலத்தையும் பிரித்து விற்கக்கூடாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதான். பரப்புக்கு உச்சவரம்பு வேண்டும். விண்ணப்பிப்பவரின் சாகுபடி சில ஆண்டுகளாவது அடங்கலில் ஏறியிருக்க வேண்டும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் இந்த நிபந்தனை வில்லங்கமாகப் பதிவானால் மனைபோடுகிறவருக்கு அந்த நிலத்தில் ஒரு லாபமும் இல்லை. இது புதுமையல்ல. பிரிட்டனில் விவசாயத்துக்கென்று அனுமதித்த வீட்டில் விவசாயத்தில் ஈடுபடுகிறவரே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நெடுங்காலமாக உண்டு. அங்கே வேல்ஸ் அரசு 2010-ல் இன்னும் ஒரு படி போய், வழக்கமாக வீடு கட்ட விடாத திறந்த வெளி நிலத்திலும் அனுமதி தந்தது. ஐந்து ஆண்டுக்குள் உணவு, வருமானம், எரிசக்தி ஆகிய அடிப்படைத் தேவைகளை அந்த நிலத்திலிருந்தே ஈட்டிக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

ஊர் நத்தம் இருக்கும்போது கொல்லைக்கு ஏன் போக வேண்டும் என்றும் கேட்பார்கள். வீடுகள் சிதறினால் சாலை, குடிநீர், மின்கம்பம் எல்லாவற்றுக்கும் செலவு கூடும் என்பது உண்மை. அந்த வசதிகளை அரசே கொண்டுவந்து தர வேண்டியதில்லை என்று விதியிலேயே எழுதிவிடலாம். கிணறும் வண்டிப்பாதையும் ஏற்கெனவே உள்ளவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். ஆனால் நத்தம் இருக்கிறது என்பதை ஏற்க முடியாது. நத்தம் வகுக்கப்பட்ட காலத்தில் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் இன்று நான்கு குடும்பங்கள். காலனியில் நிலைமை இன்னும் மோசம். ஆதிதிராவிடர் நலத்துறை என்றோ கொடுத்த ஒரே மனையில் அண்ணன் தம்பி பிள்ளைகள் சுவர் எழுப்பி வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் கஷ்டப்பட்டு ஓர் ஏக்கர் கொல்லை வாங்கியிருந்தால், ஊர்த்தெருவில் அவருக்கு மனை விற்பவர் யார்? அவரைப் பொறுத்தவரை தன் கொல்லையில் வீடு என்பது இடவசதி மட்டுமல்ல. காவல் என்ற காரணமும் இருக்கிறது. முந்திரிக் கொட்டை உதிர்கிற கோடையில் இரவு பகல் கொல்லையில் ஆள் வேண்டும், மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போகிறவர்கள் வேறு, காட்டுப்பன்றி வேறு.

நடைமுறையில் யாரும் தடுப்பதில்லையே, கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு இந்தச் சமாதானத்தில்தான் அதிகம் உடன்பாடில்லை. ஊராட்சி வீட்டுவரி ரசீது போடும். அது அனுமதி ஆகாது. வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால் அங்கீகரித்த வரைபடம் எங்கே என்பார்கள். கடைசியில் விவசாயி அதிக வட்டிக்கு வெளியே வாங்கிக் கட்டுகிறார். விவசாய மின்இணைப்பிலிருந்து வீட்டுக்கு விளக்குப் போட்டால் குற்றம். எவராவது மனு கொடுத்தால் நோட்டீஸ் வரும். கண்டும் காணாமல் விடுவது சலுகை போலத் தெரியும். உண்மையில் அது அந்தக் குடும்பத்தை ஊரில் செல்வாக்குள்ள ஒவ்வொருவரின் தயவிலும் நிறுத்துகிறது.

சொந்த நிலமே இல்லாதவர்களுக்கு இந்த யோசனை உதவாது. அவர்களுக்கு இலவச மனைப்பட்டாவை வேகப்படுத்துவதே வழி. நிலம் உள்ளவர்களுக்குச் செய்ய வேண்டியதோ சட்டசபையில் புதுச் சட்டம் அல்ல. 2017 நில உபயோக மாற்ற விதிகளில், சிறு, குறு விவசாயி தன் புஞ்சையில் ஐந்து சென்ட்டுக்குள் கட்டும் ஒரே குடியிருப்புக்கு விலக்கு என்று ஒரு விதி சேர்த்தால் போதும். விஏஓ, உதவி வேளாண்மை அலுவலர், ஊராட்சி மூவரும் கூட்டாகக் கொல்லையைப் பார்த்து முப்பது நாளில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதித்ததாகக் கொள்ள வேண்டும். அரியலூர் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. மக்கள் போய்க் கேட்க ஊரில் ஒரு தலைவர் இல்லாத காலத்தில், காலக்கெடு விதியிலேயே எழுதப்பட்டிருப்பது இன்னும் அவசியம்.