ஓவியம் படிச்சா சோறு கிடைக்குமா?

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் போதும், பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்துவிடுவார்.

"என்ன படிக்கிறே தம்பி?"

"பி.எஃப்.ஏ., ஓவியம்."

"அது சரி... வேலைக்கு என்ன படிக்கிறே?"

ஐயா, 'நாயகன்' படத்துக்குத் தேசிய விருது வாங்கிய கலை இயக்குநர் தோட்டா தரணி படித்தது சென்னை அரசு ஓவியக் கல்லூரியில்தான். ட்ராட்ஸ்கி மருதுவும் அங்கேதான். மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறீர்களே, அதைச் செய்த ராய் சௌத்ரி அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்.

எல்லாரும் தரணி ஆக முடியுமா என்பீர்கள். முடியாதுதான். ஆனால் புத்தக அட்டை, அனிமேஷன், துணி டிசைன், சினிமா செட், பள்ளியில் டிராயிங் மாஸ்டர் என்று வழி இருக்கத்தான் செய்கிறது.

என் கோபம் உங்கள்மேல் மட்டும் இல்லை, எங்கள் பாடத்திட்டத்தின் மேலும்தான். போன வருஷம் ஒரு ஹோட்டல் சுவர் முழுக்க வரைந்தேன். கிடைத்த கூலி இரண்டு பிரியாணி! அட்வான்ஸ் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்க யாரும் சொல்லித்தந்ததும் இல்லை.

1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கருக்கு இது தெரிந்திருந்தது. ஓவியம் விற்காத காலத்தில் அவரும் மாணவர்களும் பாத்திக் துணி செய்து விற்றார்கள். அந்தக் காசில்தான் நிலமே வாங்கினார்கள். அதனால் அவர்கள் கலை கெட்டுப்போகவில்லை.

நாலு வருஷம் நிழலும் வெளிச்சமும் கற்றுத்தருகிறீர்கள், நன்றி. ஒரே ஒரு பருவம், விலை சொல்லவும் கற்றுத்தாருங்கள்.

பக்கத்து இலைக்காரரை நான் பார்த்துக்கொள்கிறேன் :-)