டம்ளரை மூடினா ஆச்சா?

ஆன்சைட் கிளம்பறவங்களுக்கு எங்க ஆபீஸ்ல ஒரு பாதுகாப்பு மெயில் அனுப்புவாங்க. பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க, ராத்திரி தனியா நடக்காதீங்கன்னு ஆரம்பிச்சு, "உங்கள் பானத்தை எப்போதும் கண் பார்வையில் வைத்திருக்கவும்"னு முடியும். பெண்களுக்குன்னு தனியா ஒரு பத்தி, அதே வாக்கியம் போல்டுல. படிக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். மருந்து கலக்கறவனைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. என்னமோ மழை மாதிரி மருந்து தானா வந்து டம்ளர்ல விழுதாம், நாமதான் குடை பிடிக்கணுமாம்.

எங்க பொறியாளர் இனம் இருக்கே, அது இன்னும் மோசம். பிரச்சினைன்னு ஒண்ணைக் கண்டா உடனே ஒரு சாதனம் பண்ணிடணும். 2014ல அமெரிக்காவுல, நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் நாலு பேர் ஒரு நெயில் பாலிஷ் யோசனையோட வந்தாங்க. விரலை விட்டுக் கலக்கினா, மயக்க மருந்து இருந்தா நிறம் மாறுமாம். அப்புறம் டெஸ்ட் ஸ்ட்ரிப், டம்ளருக்கு மூடி, இத்யாதி. சரி, இதெல்லாம் சில குறிப்பிட்ட மருந்துகளைத்தான் காட்டும். ஜூஸ்ல ஊத்தின வோட்காவையோ, சிங்கிள்னு சொல்லிக் கொடுத்த டபுளையோ காட்டவே காட்டாது. அடுத்தவங்க பானத்துல திருட்டுத்தனமா கலக்கறதுல சரக்குதான் ரொம்ப சாதாரணம். நம்ம பாஷைல சொன்னா, சிஸ்டத்துல ஓட்டையை வச்சுக்கிட்டு எல்லாத்தையும் 'யூசர் எரர்'னு டிக்கெட்டை மூடற வேலை இது.

இதுல தெரிஞ்ச பெரிய வழக்குகள் ரெண்டை எடுத்துக்குவோம்.

மான்செஸ்டர்ல ரெய்ன்ஹார்ட் சினாகான்னு ஒரு மாணவன். கிளப் வாசல்ல தனியா நிக்கற பையன்களைப் பார்த்துப் பேச்சு கொடுப்பான், பக்கத்துலதான் என் வீடுன்னு கூட்டிட்டுப் போவான். அங்க அவன் கொடுக்கற பானத்துல ஜிஹெச்பி மாதிரி ஒரு மருந்தைக் கலந்திருப்பான்னு நீதிமன்றத்துல சொன்னாங்க. 48 ஆண்கள், 159 குற்றங்கள். 2020 ஜனவரியில விவரம் வெளிய வந்தது, ஆயுள் தண்டனை. பாதிக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு போலீஸ் வந்து கதவைத் தட்டற வரைக்கும் என்ன நடந்ததுன்னே தெரியாது. 2017ல ஒரு பையன் பாதியில முழிச்சு, சண்டை போட்டு, போலீசைக் கூப்பிட்டதாலதான் மாட்டினான். போலீஸ் முதல்ல யாரைக் கைது பண்ணினாங்க தெரியுமா? அந்தப் பையனை! அடிச்சதுக்காக.

அடுத்தது பிரான்ஸ். டொமினிக் பெலிகோ தன் மனைவி ஜிசெலுக்கு 2011லேர்ந்து 2020 வரைக்கும் சாப்பாட்டுலயும் பானத்துலயும் மருந்து கலந்து, வேற ஆம்பளைங்களை வீட்டுக்கே வரவழைச்சார். அந்தம்மா ஞாபகம் தப்புதேன்னு பயந்து டாக்டர் டாக்டரா போனாங்க. மூளையில கட்டியோ, அல்சைமரோன்னு கவலை. மருந்து கொடுக்கப்பட்டிருக்குமோன்னு ஒருத்தருக்கும் தோணலை. கடைசில அந்த ஆள் சூப்பர் மார்க்கெட்ல பெண்களோட பாவாடைக்குக் கீழ படம் பிடிச்சு மாட்டினப்பதான் எல்லாம் அம்பலமாச்சு. 2024 டிசம்பர்ல அவரோட சேர்த்து விசாரிக்கப்பட்ட 51 பேரும் குற்றவாளிகள்னு தீர்ப்பு, அவருக்கு 20 வருஷம்.

இப்ப சொல்லுங்க, இதுல எந்த இடத்துல டம்ளரை மூடியிருக்கணும்? புருஷன் பரிமாறின தட்டையா?

நம்மூருக்கு இதெல்லாம் புதுசும் இல்ல. ரயில்ல மயக்க பிஸ்கட் கதை தெரியாதவங்க யாரு? வட இந்தியாவுல 'அட்டிவான் கும்பல்'னு பேரே உண்டு. அட்டிவான்ல இருக்கறது லோராசெபாம். பெலிகோ கலந்ததும் அதேதான். பிஸ்கட் தின்னு பெட்டியைப் பறிகொடுத்த மாமாவை எல்லாரும் 'ஐயோ பாவம்'ங்கறோம். அதே மருந்து ஒரு பொண்ணோட க்ளாஸ்ல விழுந்தா, 'அவளை யாரு அங்க போகச் சொன்னது?'. ஏன் சார், ரயில்ல ஏறச் சொன்னது யாருன்னு மாமாவைக் கேக்கறதுதானே? சட்டம் இந்த வித்தியாசம் பார்க்கறதில்லை. முன்னாடி ஐபிசி 328, இப்ப பாரதிய நியாய சன்ஹிதா 123. குற்றம் செய்யற நோக்கத்தோட மயக்கப் பொருள் கொடுத்தா பத்து வருஷம் வரைக்கும் சிறை. பிஸ்கட்டா பியரான்னு அதுல கேள்வியே இல்ல.

இந்த 'ஏன் போனே' கேள்விக்கு ஒரு விலை இருக்கு, அது மணிக்கணக்குல. ஜிஹெச்பி சிறுநீர்ல சுமார் 12 மணி நேரம்தான் தங்கும், ரத்தத்துல அதைவிடக் கம்மி. காலைல எழுந்து, தலைசுத்தல் தெளிஞ்சு, நாமே அதிகமா குடிச்சிட்டோமோன்னு தன்னையே சந்தேகப்பட்டு, வீட்ல சொன்னா என்ன சொல்வாங்களோன்னு பயந்து முடிக்கறதுக்குள்ள சாட்சி பாத்ரூம்ல போயாச்சு. அப்புறம் டெஸ்ட் நெகடிவ். உடனே 'பார்த்தியா, ஒண்ணும் இல்ல'ம்பாங்க. லாக் ஃபைல் அழிஞ்சு போச்சுன்னா சர்வர் க்ராஷே ஆகலைன்னு எந்த மடையனாவது சொல்வானா?

அதனால டம்ளர் உபதேசத்தை விடுங்க. பக்கத்துல இருக்கறவங்க பண்ண வேண்டியதுதான் முக்கியம். குடிச்ச அளவுக்குச் சம்பந்தமே இல்லாம ஒருத்தர் குழறினா, தள்ளாடினா, தனியா டாக்சில ஏத்தி அனுப்பாதீங்க. 'என் ஃப்ரெண்டுதான், நான் பார்த்துக்கறேன்'னு எவனாவது வந்தா பேரு, ஊரு கேளுங்க. பார் ஆளுங்க, வாசல்ல நிக்கற பவுன்சர், அவங்களையும் கூப்பிடுங்க, அது அவங்க வேலை. எழுப்ப முடியலைன்னா, மூச்சு சரியில்லைன்னா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க (அங்க 999, இங்க 112). ஆஸ்பத்திரில மருந்து கலந்திருக்கலாம்னு வாய்விட்டுச் சொல்லி, சீக்கிரம் ரத்தம், சிறுநீர் எடுக்கச் சொல்லுங்க. ஆஸ்பத்திரி போக லேட்டாகும்னா முதல் சிறுநீரைச் சுத்தமான பாட்டில்ல பிடிச்சு, மணியை எழுதி வைங்க. போலீசுக்குப் போறதா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும், ஆனா முடிவு பண்றதுக்குக் கைல ஏதாவது இருக்கட்டும்.

'எத்தனை பெக் அடிச்சே?'ன்னு டாக்டர் கேப்பார், வைத்தியத்துக்கு அவருக்கு அது தேவை. உங்களுக்கு எதுக்கு?