எழுதும் இடத்திலேயே விடை

கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பழகும் மாணவன் பெரும்பாலும் நிரலை ஓரிடத்தில் எழுதிச் சேமித்து, பின்னர் முழுவதையும் ஒருங்கே இயக்கிப் பார்க்கிறான். எதிர்பார்த்த விடை வந்துவிட்டால் பாடம் முடிந்ததாகக் கருதப்படுகிறது. ஒரு வரியை மட்டும் எடுத்து, அது என்ன செய்கிறது என்று யந்திரத்தையே வினவும் பழக்கம் அவனுக்கு உண்டாவதில்லை. நிரல் எழுதும் எடிட்டருக்குள்ளேயே மொழியின் இயக்கியையும் ஓடவிட்டு, வினாவும் விடையும் அருகருகே நிகழச் செய்யும் ஏற்பாடு நம் பள்ளிகளில் பரவ வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

இம்முறை புதியதன்று. 1958இல் ஜான் மக்கார்த்தி வகுத்த லிஸ்ப் மொழியைப் பயின்றோரிடையே இது நெடுநாள் வழக்கிலுள்ளது. 1985இல் வெளியான குனு ஈமாக்ஸ் எடிட்டர் இதற்கு மிகவும் ஏற்றது, விலையுமில்லை. கேரளப் பள்ளிகளில் 2001இல் தொடங்கிய கணிப்பொறிக் கல்வித் திட்டம் பின்னர்க் கட்டற்ற மென்பொருளையே மேற்கொண்டமையால், இதற்கு வேண்டிய அடிப்படை அங்கே முன்பே அமைந்துள்ளது.

அட்டப்பாடி மலைப்பகுதியிலுள்ள அகளியை எடுத்துக்கொள்வோம். தமிழும் மலையாளமும் இருளர் மொழியும் வழங்கும் ஊர் அது. அவ்வூர்ச் சிறுவன் ஒருவன், பைதான் மொழியில் நீளத்தை அறியும் 'லென்' கட்டளையால் 'அகளி' என்ற சொல்லை அளந்து பார்க்கட்டும். அவன் எண்ணுவது மூன்று எழுத்து. யந்திரமோ 4 என்கிறது. பிழையா? அடுத்த வரியில் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுமாறு கேட்டால், அ, க, ள என்பவற்றோடு இகரக் குறியும் தனித்து நிற்கக் காண்பான். யூனிகோட் முறை உயிர்மெய்க் குறியைத் தனியே எண்ணுகிறது. இனி 'பவானி'க்கு 5, 'சிறுவாணி'க்கு 8 என்பதை அவன் முன்கூட்டியே சொல்லிச் சரிபார்க்கலாம். எத்தனை பக்கம் விளக்கினாலும் இத்தெளிவு எளிதில் வாராது.

ஏற்பாடு கடினமன்று. ஈமாக்ஸும் பைதானும் நிறுவப்பட்டபின், நிரல் கோப்பைத் திறந்து, கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறே சி, பி என்னும் விசைகளை அடுத்தடுத்துத் தட்டினால் இயக்கி தோன்றும். அவ்வாறே சி விசையை இருமுறை தட்டினால் கோப்பு முழுவதும் இயக்கிக்குச் செல்லும். சி, ஆர் தட்டினால் தெரிந்தெடுத்த பகுதி மட்டும் செல்லும். இயக்கியின் பெயர் பைதான்3 என்றிருக்கும் கணிப்பொறிகளில், அப்பெயரை எடிட்டரின் தொடக்கக் கோப்பில் ஒரு வரியாகக் குறிக்க நேரிடலாம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையத் தொடர்பு வேண்டியதில்லை என்பது மலைப்பள்ளிகளுக்குப் பேருதவி.

பைதானுடன் வரும் ஐடில் கருவியிலும் வினவும் சாளரம் உண்டே எனலாம். உண்மை, முதற் சில பாடங்களுக்கு அதுவே எளிது. ஈமாக்ஸின் விசைச் சேர்க்கைகள் தொடக்கத்தில் விரல்களைத் துன்புறுத்தவே செய்யும். ஆயினும் நிரல், சோதனை, தமிழில் எழுதும் குறிப்பு ஆகிய மூன்றும் ஒரே எடிட்டரில் அமைவதும், பிற மொழிகளுக்கும் அதுவே பயன்படுவதும் அத்துன்பத்துக்கு ஈடாகும்.

ஓர் எச்சரிக்கை ஆசிரியர்களுக்கு அவசியம். இயக்கி ஓடிக்கொண்டிருக்கும்வரை முன்னர் இட்ட பெயர்களையும் மதிப்புகளையும் மறவாது. கோப்பிலிருந்து ஒரு வரியை மாணவன் நீக்கிய பின்னும், பழைய மதிப்பின் பலத்தில் நிரல் சரியாக இயங்குவதுபோல் தோன்றும். ஆகவே மதிப்பெண் இடுமுன் இயக்கியை நிறுத்தி, புதிதாகத் தொடங்கிச் சோதித்தல் வேண்டும்.

களப் பணியாளருக்கும் இது பயன்படும். மூன்று நாள் மழையளவு 12, 0, 6 மில்லிமீட்டர் எனில் சராசரி 6. நான்காம் நாள் அளவி பார்க்கப்படாது, அவ்விடத்தில் 0 இடப்பட்டால் சராசரி 4.5 ஆகிவிடும். மழையில்லா நாளும் அளவெடுக்காத நாளும் ஒன்றல்ல. மாத அறிக்கையில் மறைந்துபோகும் இவ்வேறுபாட்டை, பட்டியலுக்குப் பக்கத்திலேயே வினவிப் பார்ப்பவர் அறிக்கை அனுப்புமுன் கண்டுகொள்ளலாம்.