யார் உடைத்தது?

எல்லவுக்கு வரும் உல்லாசப் பயணிகள் தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்து, கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் 1921இல் கட்டி முடித்த பாலம், உருக்கே இல்லாமல் இன்றும் எப்படி ரயிலைத் தாங்குகிறது என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. எங்கள் குசினிகளில் ஒரு பொருள் உடைந்தால் மட்டும் நாங்கள் "எப்படி?" என்று கேட்பதில்லை. "யார் உடைத்தது?" என்றுதான் கேட்கிறோம். பதிலும் பெரும்பாலும் அந்த வீட்டு உம்மாவின் பெயராகவோ மகளின் பெயராகவோ இருக்கிறது. யாரும் அகப்படாவிட்டால் கண்ணூறு, அதுவும் இல்லாவிட்டால் நசீபு.

இந்தப் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2021இன் கடைசி மாதங்கள் காட்டின. நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான வீடுகளில் காஸ் தொடர்பான தீயும் வெடிப்பும் நடந்தன. உயிர்களும் போயின. அந்த நாட்களில் நான் அதிகம் கேட்டது, "பொம்பளைகள் அடுப்பை ஒழுங்காக மூடுவதில்லை" என்ற பேச்சைத்தான். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் அடுப்பின் கண்ணாடித் தட்டு திடீரென்று நொருங்கியது. அந்த வீட்டு மருமகளுக்கு ஏச்சு விழுந்தது. மாமியார் துண்டுகளைக் கூட்டி அள்ளி, பிள்ளைகளின் காலில் குத்தும் என்று அன்றைக்கே தேயிலைச் செடிகளுக்கு அப்பால் கொட்டிவிட்டார். எதனால் நொருங்கியது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியும் அத்தோடு போனது.

மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷாந்த வல்பலகே தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு பல வீடுகளின் சம்பவங்களை ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. சிலிண்டருக்குள் இருந்த வாயுக் கலவை மாறியதே பிரதான காரணம் என்று அது சொன்னது. புரோப்பேனின் பங்கு கூடியிருந்தது. உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் எங்களுக்கு இது புரியாத விஷயமல்ல. பியூட்டேன் ஏறத்தாழ பூச்சியம் பாகை செல்சியசில் கொதிக்கும். புரோப்பேனோ −42 பாகையிலேயே கொதித்துவிடும். 30 பாகை வெப்பத்தில் புரோப்பேனின் ஆவியமுக்கம் பியூட்டேனினதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆகவே புரோப்பேன் கூடக் கூட சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடும். நேற்றுவரை தாக்குப்பிடித்த பழைய ரெகுலேட்டரும் தேய்ந்த வாஷரும் இன்றைக்குக் கசியும். எந்த உம்மா எவ்வளவு கவனமாக மூடினாலும், சிலிண்டருக்குள் என்ன கலந்திருக்கிறது என்று அவரால் பார்க்க முடியாது.

"சிலிண்டர் வெடித்தது" என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். சிலிண்டரின் உருக்கு கிழிவது ஒன்று. கசிந்த காஸ் தீப்பற்றுவது இன்னொன்று: அது காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு படிந்து கிடக்கும், மேலே உள்ள யன்னலைத் திறந்தால் மட்டும் போகாது. அடுப்புக் கண்ணாடி நொருங்குவது மூன்றாவது வகை. மூன்றுக்கும் காரணங்கள் வேறு, தடுக்கும் வழிகளும் வேறு.

கண்ணாடியின் கதைக்கு எங்கள் பாலமே உதவும். கல்லை நெரித்தால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். வளைவு, பாரத்தை முழுக்க நெரிப்பாக மாற்றி அடியில் உள்ள தூண்களுக்கு அனுப்புகிறது. அதனால்தான் உருக்கு தேவைப்படவில்லை. அடுப்புத் தட்டின் கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துச் செய்கிறார்கள். அதன் மேற்பரப்பு எப்போதும் நெரிபட்டே இருக்கும், உட்பகுதி இழுபட்டுக்கொண்டிருக்கும். ஒரு கீறல் அந்த மேல்தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டால், உள்ளே அடங்கியிருந்த இழுவை முழுத் தட்டையும் ஒரே நொடியில் சிறு துண்டுகளாக்கிவிடும். சட்டியை இழுத்து இழுத்து வைத்ததால் கீறல் வந்திருக்கலாம். ஓரத்தில் முன்பு பட்ட அடியாகவும் இருக்கலாம். கண்ணாடி செய்யும்போதே உள்ளே அகப்பட்ட நிக்கல் சல்பைட்டுத் துகள் ஒன்று ஆண்டுகள் கழித்துப் பருத்ததாலும் இருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்துக்கு எந்த மருமகள் பொறுப்பு?

கவனயீனத்தால் எதுவும் உடைவதில்லை என்று நான் வாதாடவில்லை. உடைகிறது. சட்டியை இழுப்பதும் கவனயீனம்தான். ஆனால் அதுவும் துண்டுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு காரணம், பார்க்காமலே கொடுக்கிற தீர்ப்பல்ல. ஒரு வீட்டை மட்டும் பார்த்தால் எல்லாமே கவனயீனமாகத்தான் தெரியும். பல வீடுகளில் நாளும் நேரமும் சிலிண்டர் வாங்கிய திகதியும் குறித்து வைத்திருந்தால்தான் எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம் வெளியே வரும். அதைக் குறிக்கக்கூடியவள் அடுப்படியில் நிற்பவள். ஏச்சுக்குப் பயந்து துண்டுகளை மறைக்கிறவள் எதையும் குறித்து வைக்கமாட்டாள்.

பெற்றோரிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. ரப்பர் குழாயை மாதம் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் மாற்றுங்கள். மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள், நுரை ஊதினால் கசிவு. விற்பனையில் பிழை என்று பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு உங்கள் மகளையே பேசவிடுங்கள். "படிக்கிற பிள்ளைக்கு உடைந்த சாமானோடு என்ன வேலை?" என்று சில வாப்பாமார் கேட்கக்கூடும். பரீட்சைத் தாளில் ஆவியமுக்கம் பற்றி எழுதுகிற பிள்ளைக்கு, வீட்டு ரெகுலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேச இடமில்லாமல் இருப்பதுதான் எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

வீட்டில் கழற்றிப் போட்ட பழைய ரெகுலேட்டரோ வெடித்த குழாயோ நொருங்கிய கண்ணாடியோ இருந்தால், பழைய இரும்பு எடுப்பவர் வருவதற்கு முன் பேப்பரில் சுற்றி, என்று வாங்கியது, என்று பழுதானது என்று ஒரு துண்டுச் சீட்டும் வைத்து, எங்கள் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தனுப்புங்கள்.