ஒரு பாராட்டுக்குத் திருத்தம்



ஆசிரியர் தினத்துக்கு ஒரு பழைய மாணவன் என்னைப் பற்றி எழுதியிருந்தான். கெமிஸ்ட்ரி லேபில் சார் தான் செய்துகாட்ட மாட்டார், எங்களில் ஒருத்தனைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்வார், அந்தத் தைரியம்தான் இன்றும் கூட வருகிறது என்று. நிறையப் பேர் கைதட்டியிருக்கிறீர்கள். நன்றி மக்களே. ஆனால் காரணம் வேறு.

டைட்ரேஷனில் பெர்மாங்கனேட்டைத் துளித்துளியாக விட வேண்டும். வெளிர் பிங்க் வந்ததும் நிறுத்த வேண்டும். முந்தின ராத்திரி குடித்த என் கை அதற்கு நிற்காது. அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். நான் குடித்தது உங்களில் பலருக்குத் தெரியும். கிராம்பு வாசனை காட்டிக்கொடுத்திருக்கும். இது மட்டும் தெரியாது.

சொந்தக்காரர்களுக்கு இன்னொன்று. சுகர் வந்ததால் விட்டேன் என்று கல்யாண வீடுகளில் சொல்லிவந்தேன். பொய். ஆஸ்பத்திரியில் சேர்ந்துதான் விட்டேன். (தினமும் குடிப்பவர்கள் தாங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம், உயிரே போகலாம். டாக்டரிடம் போங்கள்.)

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் நாலாவது, தன்னைப் பற்றி இருப்புக் கணக்கு எடுப்பது. ஐந்தாவது, அதை இன்னொரு மனிதரிடம் சொல்வது. வருஷக் கடைசியில் லேபில் ஸ்டாக் ரிஜிஸ்டர் சரிபார்ப்போமே, அதேதான். 'சில பொருட்கள் உடைந்தன' என்று எழுதினால் ஆடிட்டர் விடுவாரா? எத்தனை பியூரெட், எத்தனை பிப்பெட்? நாமோ "எவ்வளவோ தப்பு பண்ணிட்டேன்" என்று கண்கலங்கி ரிஜிஸ்டரை மூடிவிடுகிறோம். அது தப்பிக்கிற வழி என்றே நினைக்கிறேன்.

நானும் நோட்டுப் போட்டு எழுதினேன். அந்தப் படிகளில் நடந்து குடியை விட்ட ஒருவரிடம், பெயர் சொல்ல மாட்டேன், வட்டக்கோட்டைச் சுவர்மேல் உட்கார்ந்து வாசித்தேன். பாதியில் நிறுத்தினார். "அண்ணாச்சி, இது உங்க கணக்கா, வீட்டுக்காரம்மா கணக்கா?" கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

அப்போதுதான் மகளின் காலேஜ் பீஸில் எடுத்த 4,000 ரூபாய் வந்தது. 2015 ஜூலை 31-ம் வந்தது. நம் மாவட்டத்து உண்ணாமலைக்கடையில் டாஸ்மாக் கடையை அகற்றச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய சசி பெருமாள் இறந்த நாள். அடுத்த வாரம் ஸ்டாஃப் ரூமில் அவருக்காகக் கலங்கிப் பேசினேன். அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். கடைகளை மூட வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அந்தச் சாயங்காலத்தை அரசாங்கத்தின் கணக்கில் எழுத முடியாது.

பியூரெட் விஷயம் இரண்டாவது நோட்டிலும் இல்லை. அதில் எனக்கு நல்ல பெயர் கிடைத்துவந்தது, தப்பாகவே தெரியவில்லை. பத்தாவது படி, கணக்கெடுப்பதை நிறுத்தாதே என்கிறது. அந்த மாணவன் எழுதியிராவிட்டால் நான் எடுத்திருக்க மாட்டேன்.

பிராக்டிகலில் ஒரு துளி கூடிப்போய் மார்க்கைவிட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். நான் ஒரு தடவை ஒழுங்காகச் செய்துகாட்டியிருக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோட்டைப் பக்கம்தான் நடப்பேன். வாருங்கள், திட்டவும் செய்யலாம்.