போஸ்டர் போட்டா போதுமா? எல்லாரும் படிக்க முடியணும்!



போன வாரம் ஸ்ரீரங்கத்துல நம்ம மூத்த தோழர் ஒருத்தர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்குப் பார்வை கிடையாது. போன்ல டாக்பேக் போட்டு, திரையில இருக்கிறதைக் காதால கேட்டுப் படிப்பார். நம்ம பக்கத்துல வந்த கூட்ட அறிவிப்பைத் திறந்தார். போன் சொன்னது ஒரே வார்த்தை: "படம்". தேதி, இடம், நேரம் எல்லாமே போஸ்டருக்குள்ள!

"முப்பது வருஷமா கொடி பிடிக்கிறேன் தம்பி. கூட்டம் எங்கேன்னு பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்க வேண்டியிருக்கு" என்றார்.

அந்த போஸ்டரை டிசைன் பண்ணினது நான்தான்.

மலைக்கோட்டையில படி இருக்குன்னா, அங்கே பாறை இருக்கு. இணையத்துல பாறை ஏது? அங்கே படிக்கட்டைக் கட்டினதே நாமதான்.

இது சலுகை இல்லை, உரிமை. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். மின்னணு உள்ளடக்கம் எல்லாரும் அணுகும்படி இருக்கணும்னு 2016-ம் ஆண்டு உரிமைகள் சட்டத்தின் 42-வது பிரிவு சொல்லுது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் கண் சிமிட்ட முடியாததால் கேஒய்சி முடிக்க முடியலைன்னு வழக்குப் போட்டாங்க. டிஜிட்டல் அணுகல், அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதின்னு 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அரசு இணையதளங்களில் ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் கூடாது, யூனிகோடு எழுத்து வேணும்னு நாம கேட்போம். கேட்கிறதுக்கு முன்னாடி நம்ம வீட்டைச் சுத்தம் பண்ணுவோம்:

✅ போஸ்டர்ல இருக்கிற விவரத்தைப் பதிவிலும் டைப் பண்ணுங்க.
✅ படத்துக்கு 'ஆல்ட் டெக்ஸ்ட்' எழுதுங்க. ரெண்டு வரி போதும்.
✅ பழைய ஃபான்ட்ல அடிச்சதை யூனிகோடுக்கு மாத்துங்க. இல்லைன்னா போன் உளறும்.
✅ மஞ்சள் மேல வெள்ளை எழுத்து வேண்டாம். வயசானவங்களுக்கும் தெரியாது.
✅ வீடியோவுக்கு சப்டைட்டில் போடுங்க. காது கேளாத தோழர்களும் நம்மோட இருக்காங்க.
✅ பத்து தீ எமோஜி போட்டா, கேட்கிறவர் பத்து தடவை "தீ" கேட்கணும். ஒண்ணு போதும்.

இந்தப் பதிவுல படமே இல்லை, கவனிச்சீங்களா? அடுத்த கூட்ட அறிவிப்பை அந்தத் தோழர் யாரையும் கேட்காம, தானே படிச்சுட்டு வரணும். அதுதான் நம்ம அணிக்கு மார்க்.

உங்க பகுதி அட்மினுக்கு இதை ஷேர் பண்ணுங்க.

– தகவல் தொழில்நுட்ப அணி, திருச்சி

#எல்லாருக்கும்_இணையம் #அணுகல்_உரிமை