பழைய படத்துக்குப் புது மவுசு!

சேலம் ஏற்காடு சாலையில் ஓர் அலங்கார வளைவு நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்சின் வாசல் அது! தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" 1956-ல் அந்த ஸ்டூடியோ தந்தது.

இப்போது பழைய படங்களுக்கு மீண்டும் யோகம். 1964-ல் வந்த "கர்ணன்" 2012-லும், 2004-ல் வந்த "கில்லி" 2024-லும் மறுபடி திரைக்கு வந்தன. கூட்டம் அலைமோதியது. சிறு வயதில் பார்த்த படத்தைப் பார்த்தால், அந்த வயதே திரும்பியது போல ஓர் ஆனந்தம்!

ஆனால், ஆசை மட்டும் போதுமா? "கர்ணன்" படச்சுருள் இருந்தது. ஒளியையும் ஒலியையும் கணினியில் சீராக்கினார்கள். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" திரும்பி வராது. அதன் பிரதி ஒன்றுகூட அகப்படவில்லை!

சேலத்துப் படங்களையும் இன்றே பாதுகாத்தால்தான், நாளை பேரன் பார்ப்பான்.